இன்னும் எத்தனை வரணும்?

புது முறையாம். போன வாரம் தங்கையா வந்து சொன்னான். தங்கையா எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் இப்போது முதல் வகுப்பு வாத்தியார். நான் விட்டுவந்த நாற்காலியில்தான் உட்காருகிறான். நல்ல பிள்ளை. ஜொகூர் பாருவில் வாத்தியார்களுக்கென்று சனிக்கிழமைதோறும் நடக்கிற பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு, நேரே ஸ்கூடாயில் என் வீட்டு வாசலில் வந்து சைக்கிளை நிறுத்தினான். கையில் ஒரு சின்னப் புத்தகம் வைத்திருந்தான்.

"வாத்தியாரம்மா, இனிமே கூட்டலையும் கழித்தலையும் தனித்தனியா சொல்லிக் குடுக்கக் கூடாதாம். அஞ்சும் மூணும் எட்டுன்னு சொன்ன கையோட, எட்டுல மூணு போனா அஞ்சுன்னும் சொல்லிடணுமாம். ரெண்டும் ஒரே கணக்குத்தானாம். சீமையில புதுசாக் கண்டுபிடிச்சிருக்காங்க."

சீமையில் கண்டுபிடித்திருக்கிறார்கள்! நான் காப்பி போட உள்ளே போனவள் அடுப்பு முன்னால் சும்மா நின்றேன். பால் பொங்கி வழிந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை நான் வந்து இளம் வாத்தியார்களுக்குப் பழைய அனுபவத்தை நாலு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டுவிட்டு அவன் போனான். பேசுகிறேன். ஆனால் மேடையில் கோபம் வந்தால் எனக்கு வார்த்தை தடுமாறும். அதனால் முதலில் இங்கே எழுதி வைத்துக்கொள்கிறேன்.

நான் நாகப்பட்டினத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே ஆசிரியைப் பயிற்சியும் முடித்தவள். அந்தப் பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கரும்பலகையில் கோணாமல் எழுதவும், பிரம்பைச் சத்தம் வரும்படி மேசையில் தட்டவும் கற்றுக் கொடுத்தார்கள். பிள்ளை எப்படி யோசிக்கிறது என்று பார்க்க யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. பிறகு கல்யாணம். என் வீட்டுக்காரர் செனாய்ப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்தார். ஜெர்மன் சண்டை முடிந்த கையோடு நானும் கப்பலேறி வந்து சேர்ந்தேன்.

பள்ளிக்கூடம் என்பது தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்தின் கடைசியில், ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்தில் அத்தாப்பு ஓலை வேய்ந்த ஒரு கூரை. பால் வெட்டப் போகிற தாய்மார்கள் கைக்குழந்தைகளை ஆயாவிடம் விட்டுவிட்டு, கொஞ்சம் வளர்ந்ததை எங்களிடம் விடுவார்கள். அங்கே தலைமை வாத்தியார் சபாபதி. டிரஸ்ஸர் மனைவிக்குப் படிப்பு உண்டு என்று கேள்விப்பட்டு, அவர்தான் தோட்டத் துரையிடம் சொல்லி என்னை முதல் வகுப்புக்குச் சேர்த்தார். அதற்கு அவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். சின்னப் பிள்ளைகளை மேய்க்க ஒரு பொம்பளை போதும் என்று ஆபீஸில் கணக்கு எழுதும் பெரிய கிராணியிடம் அவர் சொன்னதும் என் காதுக்கு வந்தது. அதற்கு நன்றி கிடையாது.

சபாபதி வாத்தியார் கத்துகிற ஆள் இல்லை. பிள்ளைகளை அவர் அடித்து நான் பார்த்ததே குறைவு. வெள்ளைக் கோட்டு போட்டிருப்பார். உட்காருவதற்கு முன் நாற்காலியில் கைக்குட்டையை விரிப்பார். கோபம் வந்தால் கோட்டுப் பொத்தான்களை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகக் கழற்றி, மறுபடி கீழிருந்து மேலே ஒவ்வொன்றாகப் போடுவார். அது முடியும்வரை யாரும் பேசக் கூடாது. முடிந்ததும் மெல்லிய குரலில் ஏதாவது சொல்வார். அந்த மெல்லிய குரலில் அவர் சொன்னது எதையும் யாரும் மாற்றிப் பார்த்ததில்லை. துரைகூட.

அவர் வகுத்த சட்டம் இது: முதல் வகுப்புக்குக் கூட்டல், இரண்டாம் வகுப்புக்குக் கழித்தல். கூட்டல் நன்றாக ஊறிய பிறகுதான் கழித்தலைக் கண்ணில் காட்ட வேண்டும். அதையும் அவர் சொல்லிக் கொடுக்கும் விதம் ஒன்றே ஒன்று. சிலேட்டில் எட்டுக் கோடு போடு, மூன்றை அழி, மிச்சத்தை எண்ணு. பிள்ளைகள் எச்சில் தொட்டு அழிப்பார்கள். அழித்த பிறகு அந்த மூன்று எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

இதில் எனக்கு வயிறு எரிந்த விஷயம் வேறு. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் முதல் வகுப்போடு நின்றுவிடுவார்கள். புல்வெட்டுக்குச் சின்னக் கைகள் வேண்டும் என்று கங்காணி கேட்டால், வீட்டில் அனுப்பிவிடுவார்கள். அப்படிப் போன பிள்ளைக்குக் கூட்ட மட்டும்தான் தெரியும். தனக்கு எவ்வளவு குறைகிறது என்று கேட்கத் தெரியாத பிள்ளைகளாகப் பார்த்து வருஷா வருஷம் நாங்கள் அனுப்பிவைத்தோம். யாருக்கு அது வசதி என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

அஞ்சலை என் வகுப்புக்கு வந்தாள். அவள் அம்மா காத்தாயி, புருஷன் இறந்துபோய், மூன்று பிள்ளைகளோடு பால் வெட்டிப் பிழைத்தவள். அஞ்சலைதான் மூத்தது. பேசமாட்டாள், ஆனால் எதையும் விடாமல் பார்ப்பாள். ஒரு நாள் வகுப்பு முடிந்து எட்டுச் சிலேட்டுகளையும் வாங்கி அடுக்கும்படி அவளிடம் சொன்னேன். கொஞ்சம் வாங்கியதும் கையிலிருந்ததைப் பார்த்துவிட்டு, வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அஞ்சு வந்துருச்சு. இன்னும் மூணு வரணும்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கழித்தல் என்ற சொல்லையே கேட்டிராத பிள்ளை. எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஐந்துக்கு மேல் ஆறு, ஏழு, எட்டு என்று மூன்று விரலை மடக்கிக் காட்டினாள். அவள் எதையும் அழிக்கவில்லை. இருப்பதிலிருந்து, இருக்க வேண்டியதை நோக்கி ஏறிப் போனாள். யார் சொல்லிக் கொடுத்தது என்றால், பெரட்டில் கங்காணி அப்படித்தான் சொல்வார் என்றாள். பெரட்டு என்பது விடியுமுன் வேலையாட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற இடம். நிற்கிற தலைகளைப் பார்த்துவிட்டுக் கங்காணி, இன்னும் இத்தனை பேர் வரணும் என்று லயத்தைப் பார்த்துச் சத்தம் போடுவார். அந்தச் சத்தத்தில்தான் எங்கள் பிள்ளைகள் தினமும் கண் விழிப்பார்கள்.

அன்றிலிருந்து நான் சிலேட்டைத் தள்ளி வைத்தேன். ரப்பர்க் கொட்டை தோட்டம் பூராவும் கொட்டிக் கிடக்கிறது. எட்டுக் கொட்டையைத் தரையில் பரப்புவேன். பிள்ளைகள் எண்ணுவார்கள். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, சிலவற்றின் மேல் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்ப்பேன். கண்ணைத் திறந்தால் வெளியே ஐந்துதான் இருக்கும். "இன்னும் எத்தனை வரணும்?" என்பேன். மூணு என்று சொன்ன பிள்ளை வந்து சிரட்டையைத் தூக்கிப் பார்க்கலாம். தப்பாகச் சொன்ன பிள்ளையும் தூக்கிப் பார்க்கலாம். பார்த்தால் அதுவே தெரிந்துகொள்ளும், நான் திட்ட வேண்டியதில்லை.

அப்புறம் அதே கொட்டையை வைத்து நாலு விதமாகச் சொல்ல வைப்பேன். ஐந்தும் மூன்றும் எட்டு. மூன்றும் ஐந்தும் எட்டு. எட்டில் மூன்று போனால் ஐந்து. எட்டில் ஐந்து போனால் மூன்று. சொல்லி முடித்ததும் மறுபடி எண்ணச் சொல்வேன். ஒரு கொட்டை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சிரட்டை மட்டும்தான் நகர்ந்திருக்கிறது. சிரட்டையைக் கவிழ்த்தால் கழித்தல், அதையே தூக்கினால் கூட்டல். போன மூன்றும் திரும்பி வந்தால் பழையபடி எட்டு. இதைப் புரிந்துகொள்ள ஆறு வயசு தாராளம்.

சபாபதி வாத்தியார் ஒரு நாள் வாசலில் நின்று இதைப் பார்த்தார். பொத்தான்கள் கழன்று, மறுபடி ஏறின. பிள்ளைகள் குழம்பிப் போகும் என்றார். கூட்டல் ஒரு வேலை, கழித்தல் அதற்கு எதிரான வேலை, இரண்டையும் ஒரே நாளில் காட்டினால் எது எது என்று தெரியாமல் முழிக்கும் என்றார். எதிரான வேலை என்பதால்தான் ஒன்றாகக் காட்டுகிறேன் என்றேன். கதவைத் திறக்க ஒரு வருஷமும் மூட ஒரு வருஷமுமா சொல்லிக் கொடுப்போம் என்றும் கேட்டேன். அவர் கைக்குட்டையால் சிரட்டையைப் பிடித்துத் தூக்கி, வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் நான் வேறு சிரட்டை கொண்டுவந்தேன். தோட்டத்தில் சிரட்டைக்கா பஞ்சம்?

பரீட்சை நெருங்கியது. காத்தாயி என்னிடம் வந்து தயக்கத்தோடு பேசினாள். அஞ்சலை பாஸானால் இன்னொரு வருஷம் படிக்கட்டும், பெயிலானால் புல்வெட்டுக்குப் பெயர் கொடுத்துவிடுவதாகக் கங்காணியிடம் ஒத்துக்கொண்டாளாம். நான் அவளுக்குத் தைரியம் சொன்னேன். கூட்டலில் அஞ்சலையை அடித்துக்கொள்ள வகுப்பில் ஆள் கிடையாது. முதல் வகுப்புக்குக் கூட்டல் மட்டும்தான் கேட்பார்கள்.

அதே சமயத்தில் அவர்கள் வீட்டில் ஒன்று நடந்தது. லயத்தில் ஓர் அறையை நடுவில் சாக்குத் திரை கட்டி இரண்டாக்கி இருப்பார்கள். திரைக்கு இந்தப் பக்கம் காத்தாயி வீட்டார் நாலு பேர். அந்தப் பக்கம் வேறொரு குடும்பம், மூன்று பேர். அந்த மூன்று பேரும் ஊருக்குப் போகிறோம் என்று மூட்டை கட்டிக் கிளம்பினார்கள். அன்று பொழுது சாய்வதற்குள், புதிதாகக் கப்பலில் வந்திருந்த ஆட்களில் மூன்று பேரைக் கங்காணி அதே இடத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டார். தோட்டத்தில் எப்போதும் அப்படித்தான். ஓர் இடமும் ஒரு ராத்திரிகூடச் சும்மா கிடக்காது. பழைய ஆட்கள் மூட்டிய அடுப்புக்கூட ஆறவில்லை என்று அஞ்சலை என்னிடம் சொன்னாள்.

பரீட்சை நாள் வந்தது. தரையைச் சாணம் போட்டு மெழுகினோம். இன்ஸ்பெக்டர் மேசைக்கு என் வீட்டு விரிப்பைத்தான் போட்டோம். அவர் ஜொகூர் பாருவிலிருந்து காரில் வருகிற தமிழர். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். லயத்து வீட்டுக்குள் ஒரு தடவைகூடக் குனிந்து நுழைந்தவர் இல்லை, அவ்வளவுதான். வகுப்பு வாத்தியார் சாடை காட்டிவிடுவார் என்பதால் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். தலைமை வாத்தியார் மட்டும் இன்ஸ்பெக்டருக்குப் பக்கத்தில் உட்காரலாம். ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். தரையில் சுண்ணாம்பால் போட்ட வட்டத்துக்குள் வந்து நிற்க வேண்டும். எழுத்து, வாசிப்பு, கடைசியில் வாய்க்கணக்கு. கணக்குக்கு முதலில் வாயிலிருந்து வருகிற பதில்தான் பதில். திருத்திச் சொன்னால் கணக்கில் எடுக்கமாட்டார்கள்.

எல்லாப் பிள்ளைகளிடமும் இன்ஸ்பெக்டர் கூட்டல்தான் கேட்டார். எல்லாரும் சொன்னார்கள். அஞ்சலை வட்டத்துக்குள் வந்து நின்றபோது சபாபதி வாத்தியார் இன்ஸ்பெக்டர் பக்கம் சாய்ந்தார். இந்த வகுப்பில் கழித்தலும் சொல்லிக் கொடுக்கிறார்களாம், இது வாத்தியாரம்மாவுக்குப் பிடித்த பிள்ளை, கேட்டுப் பாருங்களேன் என்றார், சிரித்துக்கொண்டு. வாசலில் நின்ற என் காதில் ஒவ்வொரு வார்த்தையும் விழுந்தது. விழ வேண்டும் என்றுதான் அவர் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் அன்பாகத்தான் கேட்டார். "ஒரு வீட்டுல ஏழு பேர் இருந்தாங்க. அதுல மூணு பேர் ஊருக்குப் போயிட்டாங்க. இப்ப அந்த வீட்டுல எத்தனை பேர் இருக்காங்க?"

அஞ்சலை யோசிக்கவே இல்லை. "ஏழு பேருங்க."

அவர் புருவத்தைத் தூக்கி, போனால் குறையாதா என்று கேட்டார்.

"குறையுங்க. நாலு பேரு இருப்பாங்க. அப்புறம் கங்காணி மூணு பேரைக் கொண்டாந்து விட்டுருவாரு. ஏழு பேருதாங்க."

சபாபதி வாத்தியார் அந்த மெல்லிய குரலில் பேசினார். "நான் சொன்னேனே சார். ரெண்டையும் ஒண்ணாக் கரைச்சு ஊத்தினா இப்படித்தான்."

நான் உள்ளே போய்விட்டேன். அவள் நாலு என்று சொல்லிவிட்டாள், அதற்கு மேல்தான் மூன்றைக் கூட்டினாள், கழித்ததைக் கூட்டினால் பழையபடி வரும் என்று இந்த வயசில் எந்தப் பிள்ளை சொல்லும், வேண்டுமானால் கொட்டையை வைத்துக் கேளுங்கள் என்று என்னென்னவோ சொன்னேன். இன்ஸ்பெக்டருக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் பார்த்தது என்னை அல்ல, சபாபதி வாத்தியாரை. பரீட்சை நடக்கிறது, வெளியே நில்லுங்கள் என்றார். அஞ்சலை வட்டத்தைவிட்டு நகராமல் என் முகத்தையும் அவர்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் பெயில்.

மறுவாரம் நான் பெரட்டுக்குப் போனேன். டிரஸ்ஸர் மனைவி அங்கே வந்து நிற்பதா என்று ஆட்கள் விலகி நின்றார்கள். காத்தாயி பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். அவளை என்ன சொல்ல? பெரிய வாத்தியாரே பிள்ளைக்கு மண்டையில் ஏறவில்லை என்று சொல்லிவிட்ட பிறகு, தான் என்ன செய்வது என்று கேட்டாள். அவள் மேல் எனக்கு அன்றைக்கும் கோபமில்லை, இன்றைக்கும் இல்லை. புல்வெட்டு வரிசையின் கடைசியில், தன் தோள் உயரத்துக்கு ஒரு சங்குல் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு அஞ்சலை நின்றாள். நான் பக்கத்தில் போனதும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் தப்பாங்க சொன்னேன்?"

"இல்ல. சரியாத்தான் சொன்ன."

"அப்ப ஏன் வாத்தியாரம்மா பெயிலு போட்டாங்க?"

எனக்குப் பதில் தெரியும். குழந்தையிடம் அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அதற்குள் கங்காணி வரிசையைப் பார்த்து வந்துவிட்டார். இன்னும் ரெண்டு பேர் வரணும் என்று லயத்தைப் பார்த்துச் சத்தம் போட்டார். அவர் எண்ணிக்கையில் அஞ்சலை வந்துவிட்ட தலை. வரிசை நகர்ந்தது, அவளும் போனாள்.

கதை இதோடு முடிந்திருந்தால்கூட நான் ஆறியிருப்பேனோ என்னவோ. நான் பள்ளிக்கூடத்துக்கு வந்தால், அஞ்சலை இடத்தில் ஆயாக் கொட்டகையிலிருந்து கொண்டுவந்த ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கிறது. இன்னும் சரியாகப் பேச்சே வராத குழந்தை. கால் தரைக்கு எட்டவில்லை. விரல் சூப்பிக்கொண்டு என்னைப் பார்க்கிறது. யார் கொண்டுவந்து உட்காரவைத்தது என்று சபாபதி வாத்தியாரிடம் போய்க் கேட்டேன்.

"பெஞ்சு காலியா இருக்கக் கூடாதும்மா. தலை குறைஞ்சா கவர்மெண்டு குடுக்கிற கிராண்டும் குறைஞ்சிடும். ஒண்ணு போனா ஒண்ணு வந்துடணும்."

நான் திருப்பிக் கேட்டேன். "அஞ்சலை இதைத்தானே சார் சொன்னா?"

பொத்தான்களில் கை போனது. முதல் பொத்தானைக் கழற்றினார், இரண்டாவதைக் கழற்றவில்லை. பரீட்சையில் கேட்டது வேறு, இது வேறு என்றார். அன்றைக்கு அவர் குரல் மெல்லியதாக இல்லை. அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகும் நான் பல வருஷம் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். என்னைச் சிரட்டையை விடச் சொல்லி அவர் மறுபடி கேட்கவில்லை. நானும் விடவில்லை. அவர் ஓய்வு பெற்றபோது துரையே வந்து மாலை போட்டார். ஒழுங்கைக் கொண்டுவந்தவர் என்று எல்லாரும் புகழ்ந்து பேசினார்கள். நானும் வரிசையில் நின்றேன். கை தட்டவில்லை. பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் முழங்கையால் இடித்தார், அப்போதும் தட்டவில்லை.

அஞ்சலை புல்வெட்டிலிருந்து பால் வெட்டுக்குப் போனாள். ஆயர் ஈத்தாம் பக்கத்துத் தோட்டமொன்றில் அவளைக் கட்டிக் கொடுத்ததாகச் சொன்னார்கள். கல்யாணச் செய்தி எனக்கு நாள் கழித்துத்தான் வந்தது. ஏன் பெயில் என்று அவள் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

தங்கையா விட்டுப் போன புத்தகத்தைப் புரட்டினேன். நல்ல காகிதம், வழவழப்பான படங்கள். ஒரு பக்கத்தில் ஒரு மரம். மரத்தில் ஏழு பறவைகள். மூன்று பறந்து போகின்றன, மரத்தில் நாலு. அடுத்த படத்தில் மூன்று வந்து உட்காருகின்றன, மரத்தில் மறுபடி ஏழு. கழித்ததைக் கூட்டினால் பழையபடி வரும் என்று குழந்தைகள் தாங்களாகவே சொல்லும்படி செய்ய வேண்டும் என்று வாத்தியார்களுக்குக் கீழே குறிப்பு வேறு போட்டிருக்கிறது. ஒரு குழந்தை தானாகவே சொன்னாள், ஐயா. சொன்னதற்கு அவள் கையில் சங்குலைக் கொடுத்தீர்கள்.

இன்னொன்றையும் பார்த்தேன். பறந்து போன மூன்றேதான் திரும்பி வந்தனவா, வேறு மூன்று பறவைகளா என்று புத்தகம் சொல்லவில்லை. கணக்குக்கு அது தேவையில்லை, ஏழு என்றால் ஏழு. கங்காணிக்கும் அது தேவைப்படவில்லை, சபாபதி வாத்தியாருக்கும் தேவைப்படவில்லை. எனக்குத் தேவைப்படுகிறது.

சனிக்கிழமை போகத்தான் போகிறேன். ஒரு பை நிறைய ரப்பர்க் கொட்டையும் ஒரு சிரட்டையும் எடுத்து வைத்திருக்கிறேன். பெஞ்சுகள் நிறைந்திருக்கும். ஆரம்பிக்கலாமா, எல்லாரும் வந்தாச்சு என்பான் தங்கையா. இல்லை, இன்னும் ஒருத்தி வரணும் என்பேன்.